முத்திரையை எதிர்ப்பதற்கு முன் மதிப்பீட்டு அறிக்கையைப் படியுங்கள்

உங்கள் மகனுக்கு இப்போது 15 வயது. பன்னிரண்டரை வயது வரை மதுரையில் தமிழ்வழிப் பள்ளியில் படித்தவன். நியூ ஜெர்சிக்கு வந்து இரண்டரை ஆண்டுகள்தான் ஆகின்றன. எட்டாம் வகுப்பின் இறுதியில் பள்ளியின் சிறப்புக் கல்விக் குழு அவனைச் சோதித்துவிட்டு, ‘அறிவுத்திறன் குறைபாடு’ என்று வகைப்படுத்தியது. கையெழுத்துப் போட்டால்தான் உதவி கிடைக்கும் என்று சொன்னதால் நீங்களும் கையெழுத்திட்டுவிட்டீர்கள். செப்டம்பரிலிருந்து பள்ளி நேரத்தின் பெரும்பகுதியைத் தனி வகுப்பறையில் கழிக்கும் அவன், ஒருநாள் வீட்டுக்கு வந்து, “அம்மா, நான் முட்டாளா?” என்று கேட்டிருக்கிறான். இந்த முத்திரையை நீக்க முடியுமா, கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெற்று அவனைச் சிறப்புக் கல்வியிலிருந்தே விலக்கிவிடலாமா, கல்லூரி வரை இது அவனைத் தொடருமா என்பவை உங்கள் கடிதத்தில் உள்ள மூன்று கேள்விகள்.

முதல் கேள்விக்கு விடை, முடியும் என்பதுதான். ஆனால் முத்திரையை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று கேட்டால் பள்ளி அசையாது. அந்த முத்திரை ஒரு மதிப்பீட்டின்மீது நிற்கிறது. மதிப்பீடு ஆட்டம் கண்டால் முத்திரை தானாகவே நிற்க முடியாமல் போகும். எனவே நீங்கள் எதிர்க்க வேண்டியது மதிப்பீட்டை. அதே சமயம், அவன் எந்த வகுப்பில் உட்கார வேண்டும் என்ற கேள்வியை முத்திரையிலிருந்து பிரித்து, அதைத் தனியாகவும் உடனடியாகவும் கேட்க வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கும் இங்கேயே விடை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆத்திரத்தில் பலர் முதலில் செய்வது அதைத்தான். ஒப்புதலை எழுத்து மூலம் திரும்பப் பெற உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. பெற்றுவிட்டால் பள்ளி எல்லாச் சிறப்புச் சேவைகளையும் நிறுத்தியே ஆக வேண்டும், உங்களை எதிர்த்து வழக்குத் தொடரவும் முடியாது. ஆனால் அதனால் முத்திரை அழிவதில்லை. பழைய பதிவுகளில் உள்ள சிறப்புக் கல்விக் குறிப்புகளை நீக்க வேண்டிய கட்டாயம் பள்ளிக்கு இல்லை என்று விதிமுறையே கூறுகிறது. ஆக, உதவி போய்விடும், தவறான அறிக்கை கோப்பில் அப்படியே இருக்கும், அதை மறுத்துச் சொல்லும் இன்னொரு அறிக்கையும் இருக்காது. இப்போதைக்கு அந்தக் கடிதத்தை எழுதாதீர்கள்.

இனி அறிக்கைக்கு வருவோம். நீங்கள் குறிப்பிட்ட மதிப்பெண்களில், மொழிசார்ந்த புரிதல் 59, காட்சி-இடஞ்சார்ந்த திறன் 92, புதிய சிக்கலைப் பகுத்தறியும் திறன் 88, செயல்நினைவு 67, செயல்வேகம் 69, மொத்த நுண்ணறிவு எண் 70 என்று இருக்கிறது. இவ்வகைச் சோதனைகளில் சராசரி 100. பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் 85க்கும் 115க்கும் இடையில் வருவார்கள். 70ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ வந்தால்தான் அறிவுத்திறன் குறைபாடு என்ற பேச்சே எழும். உங்கள் மகனுடைய மொத்த எண் சரியாக அந்தக் கோட்டின்மேல் விழுந்திருக்கிறது. ஆனால் அந்த மொத்தத்துக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மொழி குறுக்கே வராத இரண்டு பகுதிகளில், அதாவது கட்டைகளை வைத்து வடிவம் அமைப்பதிலும், படத்தொடரில் விடுபட்டதைக் கண்டுபிடிப்பதிலும், அவன் சராசரியை ஒட்டி நிற்கிறான். ஆங்கிலச் சொற்களுக்குப் பொருள் சொல்லவும், இரண்டு சொற்களுக்குள்ள பொதுத்தன்மையை ஆங்கிலத்தில் விளக்கவும் கேட்ட பகுதியில் சரிந்திருக்கிறான். செயல்நினைவுச் சோதனையின் ஒரு பகுதி, எண்களை ஆங்கிலத்தில் கேட்டு அதே வரிசையிலும் தலைகீழாகவும் திருப்பிச் சொல்வது. மனதுக்குள் ‘ஏழு, மூன்று, ஒன்பது’ என்று எண்ணும் பிள்ளை ஒவ்வொரு எண்ணையும் மாற்றிக்கொண்டிருக்கும்போதே அடுத்த எண் வந்துவிடும். செயல்வேகச் சோதனை கடிகாரத்தோடு நடப்பது. வேண்டியதைச் சரியாகப் புரிந்துகொண்டோமா என்ற சந்தேகத்தோடு நிதானமாகச் செய்கிற பிள்ளைக்கு அங்கேயும் மதிப்பெண் குறையும்.

92க்கும் 59க்கும் இடையில் 33 புள்ளிகள். இவ்வளவு இடைவெளி இருக்கும்போது, அவற்றைக் கூட்டி வரும் ஒற்றை எண் அந்தப் பிள்ளையின் பொதுவான திறனைக் காட்டாது என்பது உளவியலாளர்களுக்குப் பாடத்திலேயே சொல்லித்தரப்படும் எச்சரிக்கை. அறிக்கையின் உள்ளே எங்காவது, ‘மொத்த எண்ணை எச்சரிக்கையுடன் பொருள்கொள்ள வேண்டும்’ என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், எச்சரித்தவர்களே அந்த எண்ணை வைத்து எப்படி முடிவுக்கு வந்தார்கள் என்று கூட்டத்தில் கேட்கலாம். இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேட்கலாம்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். கூட்டாட்சி விதிமுறையில் அறிவுத்திறன் குறைபாட்டுக்கு உள்ள வரையறை, நுண்ணறிவு எண்ணோடு முடிவதில்லை. பொது அறிவுத்திறன் சராசரியைவிட மிகவும் குறைந்திருக்க வேண்டும், அதோடு கூடவே அன்றாட வாழ்வைச் சமாளிக்கும் திறனிலும் குறை இருக்க வேண்டும், இரண்டும் வளரும் பருவத்திலேயே வெளிப்பட்டிருக்க வேண்டும், படிப்பையும் அது பாதித்திருக்க வேண்டும். இரண்டாவது அம்சத்தை அளக்க ஒரு வினாத்தாளைப் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கொடுப்பார்கள். அதை யார் நிரப்பினார்கள் என்று பாருங்கள். ஆசிரியர் மட்டும் நிரப்பியிருந்தால், அவனை ஆங்கிலத்தில் மட்டுமே பார்த்த ஒருவரின் சாட்சியம் அது. நீங்கள் நிரப்பியிருந்தால் வேறொரு சிக்கல் இருக்கலாம். தானே சமைக்கிறானா, தன் துணியைத் துவைக்கிறானா, தனியாகப் பேருந்தில் போகிறானா என்றெல்லாம் அதில் கேள்விகள் வரும். பரவலாகப் பயன்படும் வினாத்தாள் ஒன்று, பிள்ளை வழக்கமாகச் செய்கிறானா என்பதைத்தான் மதிப்பிடுகிறதே ஒழிய, செய்யச் சொன்னால் செய்வானா என்பதை அல்ல. நம் வீடுகளில் பதினைந்து வயதுப் பையனுக்குச் சோற்றைப் பிசைந்து தட்டில் வைக்கும் அம்மாக்களும் பாட்டிகளும் இருக்கிறார்கள். ‘இல்லை, நான்தான் செய்து கொடுக்கிறேன்’ என்று நீங்கள் அன்போடு எழுதிய ஒவ்வொரு பதிலும் அங்கே பூஜ்ஜியமாக மாறியிருக்கும். மதுரையில் அவன் தனியாக மாநகரப் பேருந்தில் டியூஷன் போய் வந்ததையும், கடைக்குப் போய் மீதிச் சில்லறையைச் சரிபார்த்து வாங்கி வந்ததையும் உங்கள் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த அறிக்கையில் அதில் ஒரு வரியாவது இடம்பெற்றிருக்கிறதா?

மொழியைப் பற்றி அமெரிக்கச் சட்டம் மௌனமாக இல்லை. 1970இல் கலிபோர்னியாவில் ‘டயானா’ வழக்கு என்று அறியப்படும் வழக்கு ஒன்று தொடரப்பட்டது. ஸ்பானிய மொழி பேசும் மெக்சிக்க-அமெரிக்கப் பிள்ளைகள் ஒன்பது பேரை ஆங்கிலத்தில் சோதித்து, மனவளர்ச்சி குன்றியோருக்கான வகுப்பில் போட்டிருந்தார்கள். அவர்களுடைய மொழியும் தெரிந்த ஒருவர் மறுபடி சோதித்தபோது பெரும்பாலோர் அந்த வகுப்புக்கு உரியவர்களே அல்லர் என்று தெரிந்தது. அதன்பின் பிள்ளையின் முதல்மொழியிலும் சோதிக்க வேண்டும் என்று அந்த மாநிலம் ஒப்புக்கொண்டது. குறைபாடு உள்ள பிள்ளைகளின் கல்விக்காக 1975இல் வந்த கூட்டாட்சிச் சட்டம், இன்று ‘ஐடியா’ என்று அழைக்கப்படுவது, இந்தக் கோட்பாட்டை நாடு முழுவதற்கும் விதியாக்கியது. சோதனைகள் இன, பண்பாட்டுப் பாகுபாடு அற்றவையாக இருக்க வேண்டும். சாத்தியமே இல்லை என்றால் ஒழிய, பிள்ளையின் தாய்மொழியிலும், அவனுக்குத் தெரிந்ததையும் முடிந்ததையும் சரியாக வெளிக்கொணரும் வடிவத்திலும் நடத்த வேண்டும். ஒரே அளவுகோலை வைத்து முடிவெடுக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட உங்களுக்கு முக்கியமானது கூட்டாட்சி விதிமுறையின் 300.306 என்ற பிரிவு: ஆங்கிலத் திறன் போதாமைதான் தீர்மானிக்கும் காரணம் என்றால், அந்தப் பிள்ளையைக் குறைபாடு உள்ளவன் என்று முடிவு செய்யவே கூடாது.

“தமிழில் சோதனை கிடையாதே” என்று பள்ளி சொல்லக்கூடும். அமெரிக்காவில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று தரப்படுத்தப்பட்ட சோதனையைத் தேடிப் பிடிப்பது அரிது என்பது உண்மைதான். அதற்காக ஆங்கிலத்தில் மட்டும் நடத்தலாம் என்று ஆகிவிடாது. பேசாமலேயே செய்யக்கூடிய நுண்ணறிவுச் சோதனைகள் இருக்கின்றன. தமிழ் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, எண்ணுக்கு முக்கியத்துவம் தராமல், அவன் எப்படிச் சிந்திக்கிறான் என்று கவனிக்க முடியும். மதுரைப் பள்ளியின் மதிப்பெண் பட்டியல்கள் இருக்கின்றன. ஐந்தாம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரையிலான காலாண்டு, அரையாண்டு, முழுஆண்டு மதிப்பெண்களை அங்கிருந்து வரவழையுங்கள். பழைய வகுப்பாசிரியர் ஒருவர் தன் நினைவில் உள்ளதை ஒரு பக்கம் எழுதிக்கொடுத்தால் இன்னும் நல்லது. பிறவியிலிருந்தே அறிவுத்திறன் குறைந்த பிள்ளை, கணக்கில் தொடர்ந்து எழுபது, எண்பது வாங்கியிருக்க வாய்ப்பில்லை. பாடங்களைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு இரண்டாம் மொழி வசப்பட ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும் என்று மொழிக்கல்வி வல்லுநர்கள் கணிக்கிறார்கள். உங்கள் மகன் பாதித் தூரத்தில்தான் இருக்கிறான். சிறப்புக் கல்வியில் சேர்த்ததைக் காரணம் காட்டி அவனுடைய ஆங்கில மொழி வகுப்பை நிறுத்தியிருந்தால் அதுவும் தவறு. இரண்டையும் பெற அவனுக்கு உரிமை உண்டு.

இந்த இடத்தில் ஒரு கசப்பான கேள்வியையும் நீங்கள் உங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். முத்திரை தவறு என்பதால், அவனுக்கு எந்தச் சிரமமும் இல்லை என்று ஆகிவிடாது. மதுரையில் அவன் தமிழ்ப் பாடத்தைச் சரளமாக வாசித்தானா? எழுதும்போது ஒற்றையும் கொம்பையும் அடிக்கடி விட்டுவிடுவானா? சொல்லிக்கேட்டால் புரிந்துகொண்டு, படித்தால் தடுமாறினானா? அப்படியானால் அது அறிவுத்திறன் குறைபாடு அல்ல, வாசிப்பைச் சார்ந்த கற்றல் குறைபாடாக இருக்கலாம். அதற்கு வேறு வகைப்பாடும் முற்றிலும் வேறு பயிற்சியும் உண்டு. வெட்கப்பட்டு அதை மறைத்தால், ஒரு தவறான முத்திரையை நீக்கிவிட்டு அவனை உதவியே இல்லாமல் விட்டவர்களாவோம். நான் உடன் சென்ற குடும்பங்களில், ‘எங்கள் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை’ என்று மட்டும் சொன்னவர்களைவிட, ‘இவனுக்கு என்ன தடை என்று சரியாகக் கண்டுபிடியுங்கள்’ என்று கேட்டவர்களுக்குத்தான் கூட்டத்தில் மரியாதையும் பலனும் கிடைத்தன.

செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் அவனுடைய கல்விக் கோப்பு முழுவதையும் எழுத்து மூலம் கேளுங்கள். சோதனை அறிக்கைகள், ஆசிரியர் நிரப்பிய படிவங்கள், ஆங்கிலத் திறன் சோதனை முடிவுகள், நீங்கள் கையெழுத்திட்ட தாள்கள் அனைத்தும் அதில் அடங்கும். கூட்டாட்சி விதிப்படி, தேவையற்ற தாமதமின்றி, எப்படியும் 45 நாள்களுக்குள், அடுத்த கூட்டம் அதற்கு முன்பே வந்தால் கூட்டத்துக்கு முன், அவர்கள் காட்டியாக வேண்டும். நியூ ஜெர்சியில் இன்னொரு விதியும் உண்டு: தகுதியை முடிவு செய்யும் கூட்டத்துக்குக் குறைந்தது 10 நாள்களுக்கு முன்பே மதிப்பீட்டு அறிக்கைகளைப் பெற்றோருக்குத் தந்துவிட வேண்டும். உங்களுக்கு அவை மேசையின்மேல்தான் முதன்முதலாகக் காட்டப்பட்டன என்றால், அதைத் தேதியோடு குறித்து வையுங்கள். அந்தக் கூட்டத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருந்தாரா என்பதையும் குறியுங்கள். பெற்றோர் நடப்பதைப் புரிந்துகொள்ள வேண்டிய ஏற்பாட்டைச் செய்வது பள்ளியின் கடமை.

அடுத்ததுதான் உங்கள் கையில் உள்ள வலுவான கருவி. பள்ளி நடத்திய மதிப்பீட்டை ஏற்காத பெற்றோர், பள்ளி மாவட்டத்தின் (உங்கள் பகுதிப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகத்தின்) செலவிலேயே வெளியார் ஒருவர் நடத்தும் சுயாதீன மதிப்பீட்டைக் கோரலாம். கடிதம் ஆங்கிலத்தில் நான்கு வரி இருந்தால் போதும்: இன்ன தேதியில் என் மகனுக்கு நடத்தப்பட்ட மதிப்பீட்டுடன் நான் உடன்படவில்லை, உளவியல், கல்வி, பேச்சு-மொழி ஆகிய மூன்றிலும் மாவட்டத்தின் செலவில் சுயாதீன மதிப்பீடு கோருகிறேன், நடத்துபவர் இருமொழிப் பிள்ளைகளைச் சோதிப்பதில் அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும், மாவட்டத்தின் விதிமுறைகளை அனுப்பிவையுங்கள். இதைச் சிறப்புச் சேவைகளின் இயக்குநருக்கு மின்னஞ்சலில் அனுப்பி, பள்ளியில் அவனுடைய கோப்பைக் கவனிக்கும் கேஸ் மேனேஜருக்கு நகல் வையுங்கள். ஏன் உடன்படவில்லை என்று அவர்கள் கேட்கலாம். நீங்கள் விளக்கியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. கடிதம் போனபின் அவர்களுக்கு இரண்டே வழிகள்தான். ஒன்று, செலவை ஏற்று மதிப்பீட்டுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். அல்லது, தங்கள் மதிப்பீடு சரியானதே என்று நிரூபிக்கத் தாங்களே முறையான விசாரணைக்கு மனுச் செய்ய வேண்டும். நியூ ஜெர்சியில் அதற்குக் கெடு 20 நாள்கள். 92ஐயும் 59ஐயும் கூட்டி எழுபதாக்கிய ஓர் அறிக்கையை நீதிபதியின் முன் தாங்கிப் பேச எந்த மாவட்டமும் எளிதில் துணியாது என்பது என் கணிப்பு.

கட்டணத்துக்கும் தொலைவுக்கும் மாவட்டம் நியாயமான வரம்பு வைக்கலாம், ஆனால் அந்த வரம்புக்குள் ஆளைத் தேர்ந்தெடுப்பவர் நீங்கள். அவர்கள் தரும் பட்டியலில் இருப்பவரையே எடுக்க வேண்டும் என்பதில்லை. தகுதியும் இருமொழி அனுபவமும் உள்ள வேறொருவரையும் முன்மொழியலாம். சொந்தச் செலவில் செய்வதானால் சில ஆயிரம் டாலர்கள் ஆகும். எனவே இந்த உரிமையைக் கேட்காமல் விடாதீர்கள். வரும் முடிவைப் பள்ளி அப்படியே ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் பரிசீலித்தே ஆக வேண்டும். மறுத்தால், ஏன் மறுக்கிறோம், எதை அடிப்படையாகக் கொண்டு மறுக்கிறோம் என்று எழுத்து மூலம் அறிவிப்புத் தர வேண்டும். வாய்மொழியாக ‘பார்க்கலாம்’ என்று சொல்லி அனுப்பும் ஒவ்வொரு முறையும், ‘அதை எழுதித் தாருங்கள்’ என்று கேட்பதே உங்கள் வேலை.

இதெல்லாம் முடிய மாதங்கள் ஆகும். பையன் அதுவரை தனி வகுப்பறையில் உட்கார்ந்திருக்கக் கூடாது. இங்கேதான் வகுப்பையும் முத்திரையையும் பிரிக்கச் சொன்னேன். எந்த வகைப்பாட்டில் இருக்கிறான் என்பதை வைத்து வகுப்பறையைத் தீர்மானிக்கக் கூடாது, அவனுடைய தேவையை வைத்தே தீர்மானிக்க வேண்டும், கூடிய மட்டும் மற்ற மாணவர்களோடு சேர்த்தே படிக்க வைக்க வேண்டும் என்பது சட்டத்தின் அடித்தளம். உதவி பெறும் பிள்ளைக்கு வகை முத்திரை குத்தியே ஆக வேண்டும் என்றுகூடக் கூட்டாட்சிச் சட்டம் கோரவில்லை. அயோவா மாநிலம் பல ஆண்டுகள் வகை குறிப்பிடாமலேயே சேவை தந்திருக்கிறது. ஆகவே இப்போதே கூட்டம் கேட்டு, கணக்கு, அறிவியல் இரண்டுக்கும் அவனைப் பொது வகுப்புக்கு மாற்றி, அங்கே துணை ஆசிரியரையும் மொழி உதவியையும் தரும்படி தனிநபர் கல்வித் திட்டத்தைத் திருத்தக் கேளுங்கள். இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் இது சில வாரங்களில் நடக்கக்கூடியது. விசாரணை என்று போனால், முடியும் வரை இப்போதுள்ள இடத்திலேயே மாணவன் இருக்க வேண்டும் என்ற விதி குறுக்கே வரும். பெற்றோரைக் காக்க வந்த அந்த விதி, நீங்கள் ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்டதால் உங்களுக்கு எதிராக வேலை செய்யும். பேச்சுவார்த்தையை முதலில் வைக்கச் சொல்வது அதனால்தான்.

கல்வித் திட்டத்தில் மாநிலத் தேர்வு பற்றிய பக்கத்தை இன்றிரவே திறந்து பாருங்கள். அவன் எழுதப்போவது வழக்கமான தேர்வா, மாற்றுத் தேர்வா? மாற்றுத் தேர்வு மிகக் கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டுமே உரியது. ஒரு மாநிலத்தில் ஒரு பாடத்துக்குத் தேர்வெழுதும் மாணவர்களில் 1 சதவீதத்துக்கு மேல் அதில் சேரக் கூடாது என்று 2015ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. அது வழக்கமான உயர்நிலைப் பள்ளி டிப்ளோமாவைப் பாதிக்கக்கூடும் என்றால், அதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கல்லூரியைப் பற்றிய உங்கள் பயத்துக்கு உண்மையான காரணம் இருக்குமானால் அது அந்தப் பக்கத்தில் மாற்றுத் தேர்வுக்கான பெட்டியில் இடப்பட்ட ஒரு குறியில்தான் இருக்கும். முத்திரை கல்லூரிக்குப் போகாது; அங்கே அனுப்பும் மதிப்பெண் சான்றில் ஒருவருடைய குறைபாட்டைக் குறிப்பிடக் கூடாது. ஆனால் ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதம் படிக்காதவன் பன்னிரண்டாம் வகுப்பில் அதை ஈடுகட்ட முடியாமல் தவிப்பான்.

பள்ளி இறங்கி வரவில்லை என்றால், மாநிலக் கல்வித் துறை நடத்தும் சமரசப் பேச்சுக்கு மனுச் செய்யலாம், கட்டணம் இல்லை. பள்ளி விதியை மீறியது என்பது மட்டும் உங்கள் புகார் என்றால், ஓராண்டுக்குள் மாநிலத்திடம் முறையீடு செய்யலாம். 60 நாள்களில் தீர்ப்பு வர வேண்டும். கடைசி வழி, நிர்வாக நீதிபதியின் முன் விசாரணை. அதற்கு இரண்டாண்டுக் கெடு. நிரூபிக்கும் பொறுப்பு வழக்குத் தொடுத்தவருடையது என்று உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்திருந்தாலும், நியூ ஜெர்சி 2008இல் தன் சட்டத்தைத் திருத்தி அந்தப் பொறுப்பைப் பள்ளி மாவட்டத்தின்மீது வைத்துவிட்டது. பல மாநிலங்களில் உள்ள பெற்றோருக்கு இல்லாத வாய்ப்பு இது. கடிதம் எழுதவும் கூட்டத்துக்குத் தயாராகவும் ‘ஸ்பான்’ என்ற பெற்றோர் ஆதரவு அமைப்பு இலவசமாக உதவுகிறது. ‘டிசபிலிட்டி ரைட்ஸ் நியூ ஜெர்சி’ அமைப்பிடம் சட்ட ஆலோசனையும் கேட்கலாம்.

உங்கள் மகனிடம் இதையெல்லாம் மறைத்து நடத்தாதீர்கள். இந்த மாநிலத்தில் 14 வயதிலிருந்தே பிள்ளையின் எதிர்காலத் திட்டமிடல் தொடங்கிவிடுகிறது, அதைப் பேசும் கூட்டத்துக்கு அவனையும் அழைக்க வேண்டும்; 18 வயதில் இந்த உரிமைகள் எல்லாம் அவன் கைக்கே மாறிவிடும். அந்த அறிக்கையை அவன் முன் விரித்துவைத்து, கட்டை அடுக்குவதில் வாங்கிய 92ஐயும், ஆங்கிலச் சொற்களில் வாங்கிய 59ஐயும் காட்டி, இது உன் மூளையின் அளவு அல்ல, உனக்கு இன்னும் முழுதாக வசப்படாத ஒரு மொழியில் எடுத்த அளவு என்று தமிழில் விளக்குங்கள். தனி வகுப்பில் எந்தப் பாடம் அவனுக்கு மிக எளிதாகப் படுகிறது, பொது வகுப்பில் எங்கே திணறினான் என்று கேட்டு, அவன் சொல்வதை அவனையே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். தமிழில் எழுதினாலும் போதும், மொழிபெயர்த்துக் கூட்டத்தில் கொடுக்கலாம். சுயாதீன மதிப்பீடு கோரும் கடிதத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள், பதில் வந்ததும் அந்தப் பதிலின் தேதியையும் சொற்களையும் அப்படியே எனக்கு எழுதுங்கள். அடுத்த கடிதத்தை அதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.